மஞ்சள் சுவருக்கு இடப்பக்கம்

ஜனவரி 14

மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்றேன். எதிரே மூடிக்கிடக்கும் சலவைக்கடையின் மஞ்சள் சுவர். கேமராவில் சட்டம் தயார், அதற்குள் ஒரு சிவப்பு நடந்து வர வேண்டும். டெட்ராய்ட்டில் ஜனவரியில் எல்லாருக்கும் கறுப்புக் கோட்டுதான்.

இடது ஓரத்தில் நீலத் தார்ப்பாய். கடை வாசல் குழிவில், அதன் அடியில், வீடில்லாத மிஸ் ஒடெஸாவின் குடித்தனம். அந்த நீலம் மஞ்சளைத் தின்றுவிடுகிறது.

ஜனவரி 15

அவளிடம் கேட்டேவிட்டேன். தார்ப்பாயை வாசலை விட்டு நடைபாதைக்குக் கொஞ்சம் தள்ளிவைக்கலாமா, ஒரு மணி நேரம்?

"என் வீட்ட நகத்தச் சொல்றியா? உன் காலுக்கு ஆணியடிச்சிருக்கா கண்ணு?" சிரித்தாள். "திரும்ப நீதான் எடுத்து வெக்கணும். என் இடுப்பு தாங்காது." தேவாலயத்துக்கு சூப் வாங்கப் போனாள். எல்லாவற்றையும் நடைபாதைக்கு இழுத்துவைத்தேன்.

3:40. சிவப்புக் கோட்டில் ஒருத்தி. ஒரே சொடுக்கு. நிழல்கூடச் சரியாக விழுந்தது. வீட்டுக்கு ஓடினேன். நீலம் விழுந்த படங்களையெல்லாம் அழித்தேன். எப்போதும் செய்வதுதான். கழிவை வைத்துக்கொண்டால் கண் கெட்டுவிடும்.

ஜனவரி 16

தார்ப்பாயைத் திரும்ப வைக்கவில்லை. இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஜனவரி 17

அன்று நான் கிளம்பிய அரை மணியில் நகராட்சி லாரி வந்திருக்கிறது. வாசல் தனியார் இடம், தொட மாட்டார்கள். நடைபாதையில் கிடந்தால் குப்பை. தார்ப்பாய், இரண்டு கம்பளி, மருந்துப் பை, எல்லாம் போயிற்று.

அவள் திட்டவில்லை. "சூப்பு சூடா இருந்துச்சு. வந்து பாத்தா வீட்டக் காணோம்." திட்டித் தொலைச்சிருக்கலாம்ல?

ஜனவரி 20

இலவச வக்கீல் கர்ட் சொன்னார்: "குடியிருந்த எடத்தக் கலைச்சா நகராட்சி ஒரு அறை குடுத்தாகணும். அங்க யாருமே குடியிருக்கலங்கறாங்க. வாசல்ல தார்ப்பாய் இருந்ததுக்கு ஒரு படம் போதும். நீங்கதான் அங்கயே நின்னீங்களே?"

"ஆளுங்க சொன்னா போதாதா?"

"எட்டுப் பேர் சொன்னாங்க. எட்டுப் பேருக்கும் விலாசம் இல்ல."

எடுத்த படங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. வைத்திருப்பது பத்தொன்பது. ஒன்றில்கூட நீலம் இல்லை. கேமரா கார்டில் புதுப் படங்கள் ஏறிவிட்டன, மீட்க வழியில்லை.

நானே போய்ச் சாட்சி சொன்னேன். நகராட்சி அதிகாரி என் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். "வெறும் சுவருதானே சார் இருக்கு."

ஜனவரி 29

மனு தள்ளுபடி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.

பிப்ரவரி 6

சிவப்புக் கோட்டுப் படம் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. நடுவரின் குறிப்பு: 'தேவையற்ற எதுவும் சட்டத்துக்குள் இல்லை.'

நான்கு முறை படித்தேன். பிறகு சாப்பிடவில்லை.

பிப்ரவரி 11

மருத்துவமனை. மிஸ் ஒடெஸாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்திருக்கிறார்கள். பனி கடித்தது.

"அந்தப் படத்தக் காட்டு" என்றாள். போனைப் போர்வைமேல் வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தச் சிவப்புக் கோட்டுக்காரிய எனக்குத் தெரியும். தினம் குட்மார்னிங் சொல்லிட்டுத்தான் போவா."

பிறகு விரலைத் திரையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய், அதையும் தாண்டி, வெள்ளைப் போர்வையில் ஊன்றினாள்.

"நான் இங்க இருந்தேன்."