என் கை படாத படகு

16-4-2003, புதன்

பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் தயிருக்கு உறைமோர் வாங்க வந்தாள். ஷோகேஸில் இருந்த ஐஸ் குச்சி வீட்டைப் பார்த்துவிட்டு, “ஆத்தா, நீ செஞ்சதா? பரிசெல்லாம் வாங்கிருக்க!” என்று ஜெபாவைக் கேட்டாள். என் மகள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. “இல்லத்தே, எங்கம்மா செஞ்சாக. நான் பேருதான் எழுதுனேன்.”

சண்முகத்தாய் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவள் போனதும் ஜெபாவிடம் கலர் பேப்பரையும் கத்தரிக்கோலையும் கொடுத்து, இஷ்டம்போல் வெட்டு என்றேன். வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள். “நீங்களே வெட்டுங்கம்மா. நான் வெட்டுனா கோணிக்கும். அசிங்கமா வரும்.”

ஒன்பது வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது?

18-4-2003, புனித வெள்ளி

சர்ச்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மனசு அந்தக் கத்தரிக்கோலிலேயே நின்றது.

கோடை லீவில் சர்ச்சில் நடக்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வருஷா வருஷம் நான்தான் கைவேலை டீச்சர். பிள்ளைகள் பாதி ஒட்டிப் போட்டதை வீட்டுக்குத் தூக்கிவந்து, பிரித்து, நேராக்கி, பெயிண்ட் அடித்துக் கடைசி நாள் கண்காட்சியில் வைப்பேன். எல்லா ஊரிலும் கைவேலை டீச்சர்கள் இப்படித்தான். பெற்றவர்களுக்குச் சந்தோஷம், போதகருக்குச் சந்தோஷம். போன வருஷம் பரிசு வாங்கிய ஐஸ் குச்சி வீட்டில் என் மகள் ஒட்டிய குச்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

19-4-2003

இந்த வருஷம் எந்தப் பிள்ளையின் பொருளிலும் என் கை படாது. எழுதிவிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

25-4-2003, வெள்ளி

டீச்சர்கள் கூட்டம். பள்ளியை நடத்துகிற கிருபாவதி அக்கா, “சுகிர்தம், இந்த வருஷம் என்ன டிசைன்?” என்றார். டிசைன் கிடையாது, இலவங்காய் ஓட்டில் படகு, அவரவர் இஷ்டம் என்றேன். நம் போடியில் அதற்கா பஞ்சம்? சண்முகத்தாயின் வீட்டுக்காரர் பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில்தான் வேலை பார்க்கிறார். அடுப்பெரிக்கப் போகிற ஓட்டை ஒரு சாக்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

“கண்காட்சிக்குத் தேனியில இருந்து பெரியவுக வர்றாக. மானத்த வாங்கிறாத” என்றார் அக்கா.

28-4-2003, திங்கள்

முதல் நாளே கூத்து. ஓட்டுக்குள் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டாமல் கொண்டுபோனது என் புத்தி. யாரோ ஃபேனைப் போட்டார்கள். அவ்வளவுதான், சர்ச் முழுக்கப் பஞ்சு! பிள்ளைகள் ஒரே ஆட்டம், கிருபாவதி அக்காவுக்கு ஒரே தும்மல்.

அடங்கியதும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “டீச்சர், மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டுங்க.” மாதிரி இல்லை என்றேன். சண்முகத்தாயின் மகன் கர்ணன்தான் முதலில் ஓட்டில் குச்சியைக் குத்தினான். அப்புறம் ஒவ்வொன்றாகக் கை நீண்டது.

ஜெபாவின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

30-4-2003

இன்றும் மடியில்தான். எனக்கோ கை அரிக்கிறது. கர்ணனின் பாய்மரம் அத்தனை கோணல்! முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

2-5-2003, வெள்ளி

தோற்றுப் போகப் பார்த்தேன்.

வீட்டில் ஜெபா ஓட்டை உருட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். பொறுக்க முடியாமல் எடுத்துக் கொடியை ஒட்டப் போனேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே — அப்பாடா என்று ஒரு நிம்மதி! ஒட்டாமல் அப்படியே கீழே வைத்தேன். அழுதாள். “கர்ணனுக்குக்கூட வருது. எனக்குத்தான் வராது.”

இவர் கடையிலிருந்து வந்து என்மேல் பாய்ந்தார். “பிள்ளைய அழவச்சு என்னத்த சாதிக்கப் போற? ஒட்டிக் குடுத்தா தேஞ்சா போயிருவ?”

ஆமா, தேஞ்சுதான் போவா. நானில்ல, அவ தேஞ்சுபோவா. இது ஏன் இந்த மனுசனுக்குப் புரியல? பெத்தவ எனக்கு மட்டும் அவ அழறதப் பாக்க ஆசையா?

ஒட்டிக் கொடுக்க மாட்டேன்.

5-5-2003, திங்கள்

சர்ச் குழாயடியில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, செய்ததை எல்லாம் விட்டுப் பாருங்கள் என்றேன். விளையாடட்டும் என்றுதான். கர்ணனின் படகு விட்டதும் குப்புறக் கவிழ்ந்தது. திரும்ப விட்டான், திரும்பக் கவிழ்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

ஜெபா எட்டிப் பார்த்தாள். “ஏலே, கொடி கனமா இருக்கு. அடியில கனம் வையி.” அவனுக்கு விளங்கவில்லை. இவளே குனிந்து ஈரக் களிமண்ணைக் கிள்ளி ஓட்டின் அடியில் அப்பினாள். படகு ஆடி ஆடி நிமிர்ந்து நின்றது.

நான் வேறு பக்கம் திரும்பி யாரையோ அதட்டுகிற மாதிரி நின்றுகொண்டேன். அழுகை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது அவள் சாக்கைக் கிளறித் தனக்கு ஒரு ஓடு தேடிக்கொண்டிருந்தாள்.

8-5-2003, வியாழன்

கிருபாவதி அக்கா படகுகளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “இதையா மேசையில வைக்கப் போற? எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டு போயி பெயிண்டாச்சும் அடிச்சுக் கொண்டா.” மாட்டேன் என்றேன். “அப்ப இங்கன வையி, நானே ஆள வச்சுச் சரி பண்ணிக்கிறேன்.”

“யாரு கையும் படக் கூடாதுக்கா.”

இத்தனை வருஷத்தில் அக்காவை எதிர்த்து நான் பேசியதே இல்லை. சாக்கைக் கட்டி என்னோடு எடுத்து வந்துவிட்டேன். பிரிக்கவில்லை.

11-5-2003, ஞாயிறு

கண்காட்சி. மேசையில் படகுகள் பரிதாபமாகத்தான் இருந்தன. தேனியிலிருந்து வந்தவர்கள் “நல்லது, நல்லது” என்று நிற்காமல் நடந்தார்கள். இவரும் கூட்டிவந்த கடை ஆட்களுக்கு முன்னால் நெளிந்தார்.

அப்போது ஜெபா தன் படகை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். பின்னாலேயே கர்ணன், அவன் பின்னால் எல்லாப் பிள்ளைகளும். மேசை காலி. பெற்றவர்களும் அண்டாவைச் சுற்றிப் போய் நின்றார்கள். சில மிதந்தன, சில முங்கின. முங்கியதை எடுத்துப் பிள்ளைகள் அங்கேயே மண் வைத்துச் சரிசெய்தார்கள். ஒரு பிள்ளைகூட என்னைக் கூப்பிடவில்லை.

கிருபாவதி அக்கா போகும்போது, “அடுத்த வருஷம் கைவேலைய வேற ஆளுக்குக் குடுக்கலாம்னு இருக்கோம்” என்றார். சரிக்கா என்றேன். வலிக்கத்தான் செய்கிறது.

20-6-2003, வெள்ளி

பள்ளிக்கூடம் திறந்து பழைய ஓட்டம். மலைக்காற்று ஆரம்பித்துவிட்டது, வீடெல்லாம் தூசி.

காலையில் ஷோகேஸைத் துடைத்தேன். ஐஸ் குச்சி வீடு இருந்த இடத்தில் இப்போது ஜெபாவின் படகு. கொடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. துடைக்கிற வாக்கில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன் போல, எனக்கே நினைவில்லை.

சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் ஷோகேஸ் முன் நின்று கத்தினாள். “என் படகத் தொட்டது யாரு?”

“கொடி கோணலா இருந்துச்சுடா...”

“கோணலில்லம்மா. காத்து அங்கிட்டிருந்து அடிக்குது, அதுக்குத்தான் சாச்சு வச்சேன். இனிமே என்னையக் கேக்காமத் தொடாதீக.”

சரி என்றேன். அவள் நாற்காலி போட்டு ஏறி, கொடியைத் திரும்பச் சாய்த்து வைத்தாள்.