அக்கா வராமல் போக மாட்டேன் என்றவளுக்கு

என் செல்லத் தங்கச்சி பத்மாவுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். ஒரு பக்கம் எழுத எனக்கு இன்னமும் அரை நாள் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

அறுபதுகளின் கடைசி அது. எட்டாம் வகுப்பில் நான் இரண்டு முறை தோற்றேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள் நீ, வந்து அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். வாசிக்க எழுந்தால் எனக்கு எழுத்துகள் இடம் மாறும். கண் அடுத்த வரிக்கு வழுக்கிவிடும். "தங்கச்சிகிட்ட கத்துக்கோ" என்பார் டீச்சர். வகுப்பே சிரிக்கும். உனக்கு வெட்கமாக இருந்ததா, பத்மா? ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

வீட்டில் அப்பா தறியில் இருப்பார். நான் பட்டு நூல் சுற்ற, நீ பாடத்தை உரக்கப் படிப்பாய். கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தேன். பழைய காலண்டர் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி சன்னல் வெட்டிக் கொடுத்தவளும் நீதான். அதைப் பக்கத்தின் மேல் வைத்தால் எழுத்துகள் கொஞ்சம் அடங்கின.

அரைப் பரீட்சையில் டீச்சர் அந்த அட்டையைப் பிடுங்கினார். காப்பி அடிக்கிறேன் என்று தலைமை ஆசிரியையிடம் என்னை இழுத்துப் போனார். நீ பின்னாலேயே ஓடி வந்தாய்.

"அதுல ஒரு எழுத்துகூட இல்ல டீச்சர், திருப்பிப் பாருங்க. அக்காவுக்குப் பாடம் மொத்தமும் தெரியும். வாயால கேளுங்க."

கேட்டார்கள். பாலாற்றுப் பாடம் முழுவதையும் நிற்காமல் சொன்னேன். "எழுதினாத்தாம்மா மார்க்கு" என்றார் தலைமை ஆசிரியை. அப்பாவை வரச்சொல்லி, இவளுக்குப் படிப்பு வேண்டாம், தறியில் உட்கார வையுங்கள் என்றார். அப்பாவும் தலையாட்டினார்.

மறுநாள் நீ பள்ளிக்குக் கிளம்பவில்லை. "அக்கா வராம நான் போவ மாட்டேம்பா."

அப்பா கை ஓங்கினார்.

"அடிச்சிக்கோ. அக்கா ஒண்ணும் மக்கு இல்ல."

பதினோரு நாள் அசையவில்லை நீ. வகுப்பின் முதல் மாணவியை இழக்கப் பள்ளிக்கு மனமில்லை. பன்னிரண்டாம் நாள் தலைமை ஆசிரியையே நம் வீட்டுக்கு வந்தார். "ரெண்டு பேரையும் அனுப்புங்க. அட்டைய வெச்சிக்கட்டும். கேள்விய நானே ஒருதரம் படிச்சுக் காட்டறேன்."

எஸ்.எஸ்.எல்.சி.யில் நீ பள்ளியிலேயே முதல். நான் தமிழில் தோற்று, மறுபடி எழுதித் தேறினேன். பால்வாடியில் வேலை கிடைத்தது. எழுத்து தடுமாறிய ஒரு பிள்ளையைக்கூட நான் அடித்ததில்லை.

இப்போது அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: டிஸ்லெக்சியா. என் பேத்தி கயலுக்கும் அதுதான். பரீட்சையில் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று டாக்டர் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறார். பள்ளியிலோ, வேறு இடம் பாருங்கள் என்கிறார்கள்.

நாளை காலை நான் போகிறேன். அந்தச் சான்றிதழை அவர்கள் முன்னால் நானே உரக்க வாசிக்கப் போகிறேன். நாக்கு தடுக்கும், மறுபடி ஆரம்பிப்பேன். கடைசி வரி முடியாமல் நாற்காலியை விட்டு எழ மாட்டேன். இது உனக்கு என் வாக்கு. எவ்வளவு நேரமானாலும் அவர்கள் காத்திருக்கட்டும்.

உன் உடன்பிறந்த,
சரோஜா அக்கா