பின்னால் வரும் கப்பல்

ஜனவரி 6

அன்புள்ள வாலுக்கு,

நலமா? குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா? அக்கா பேச்சு ஏறாத காதில் குளிர் மட்டும் எப்படி ஏறும்?

ஒரு சந்தேகம். நான் மொழிபெயர்க்கும் ஆங்கில நாவலில், விருந்தில் எல்லாரும் உம்மென்று இருக்க, ஒருத்தி ‘பனிக்கட்டியை உடைத்தாள்’ என்று வருகிறது. தயக்கம் விலகப் பேச்சைத் தொடங்கினாள் என்று அர்த்தமாம். கப்பல்களிலிருந்து வந்த வழக்கு என்கிறார்கள். நீ பனி உடைக்கும் கப்பலில்தானே மெக்கானிக்? எப்படி உடைப்பீர்கள், முட்டி மோதியா?

அப்பா நலம். எரிந்த மோட்டார்களுக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டும் தன் கடைக்குத் தினமும் போகிறார். நீ கடையை விட்டுக் கப்பலேறியதிலிருந்து, உன் பேச்சை எடுத்தாலே ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.

அக்கா

ஜனவரி 21

அன்பு அக்காவுக்கு,

முட்டினால் எங்கள் மூக்குதான் உடையும். கப்பலின் முன்பக்கம் பனிமேல் ஏறி உட்காரும். பாரம் தாங்காமல் பனி உடையும். கப்பலைத் தள்ளுவதும் மோட்டார்தான். அப்பா கட்டுகிற மாதிரியே, ஆனால் ஒரு அறை அளவுக்கு.

உடைப்பது பின்னால் வரும் சரக்குக் கப்பலுக்காக. ஆனால் உடைத்த வழி அப்படியே இருக்காது, சீக்கிரமே மறுபடி உறைந்துவிடும். அதனால் அந்தக் கப்பல் எங்களை ஒட்டியே வர வேண்டும்.

ஏப்ரலில் விடுப்பு. வர ஆசைதான். நான் வந்து நிற்கும்போது அப்பா ரேடியோ சத்தத்தைக் கூட்டினால் என்னால் தாங்க முடியாது. இங்கேயே இருந்துவிடுகிறேன்.

வாலு

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். அப்பாவிடம் முட்டவில்லை. கடைக்குப் போய் அவர் எதிரில் இருந்த உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தேன். பாரத்துக்கு என்னிடம் குறைவா?

உன் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். கம்பி சுற்றிக்கொண்டே இருந்தார், ரேடியோ பக்கம் கை போகவில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டு, “அறை அளவு மோட்டாரா? அதுல காயில் எரிஞ்சா எப்படி வெளிய எடுப்பாங்க?” என்றார்.

“எனக்கென்னப்பா தெரியும்? அவனைத்தான் கேக்கணும்.”

“அப்ப வரச் சொல்லு. கேக்குறேன்.”

ஏப்ரல் வரை காத்திருக்காதே, உடனே விடுப்புக் கேள். உடைத்த வழி உறைந்துபோனால் மறுபடி அந்த ஸ்டூலில் ஏற என் முழங்கால் ஒத்துழைக்காது.

அக்கா

பிப்ரவரி 22

அன்பு அக்காவுக்கு,

விடுப்புக் கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்தாலும் சேர்வேன்.

காயிலை எப்படி எடுப்பார்கள் என்று இதில் எழுதவில்லை. எழுதினால் நீ போய்ச் சொல்லிவிடுவாய். அப்பா என்னிடம்தான் கேட்க வேண்டும்.

உன் பின்னால் ஒட்டியே வருகிறேன்.

வாலு