அப்பா அழுத்திய பொத்தான்

இயேசு மரி சூசை

மானகிரி

அன்பு மகள் அனிதாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும். போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், 'அப்பா வர மாட்டாருன்னு தெரியும்மா' என்று ஒரு வரி அனுப்பியதோடு சரி. மெசேஜில் பதில் சொன்னால் அம்மா சமாளிக்கிறாள் என்பாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு முழுசாகப் படி.

பேரன் ஞானஸ்நானத்தை வீடியோவில் பார்க்க அப்பா வராமல் இல்லை. நீ வேறு மதத்து அருள்பாண்டியைக் கட்டியதிலிருந்து உன்னோடு பேசாத மனுஷன், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாப்பிள்ளையே சம்மதித்தார் என்று கேட்டதும் இளகிவிட்டார். அன்றைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு எனக்கு முந்தியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அங்கேதான் வந்தது வினை. வாசலில் வந்து கேட்பவரை இல்லை என்று அனுப்பிப் பழக்கமில்லாத நான், முன்பு திரையில் எது வந்து கேட்டாலும் 'அனுமதி' அழுத்திக் கம்ப்யூட்டரையே படுக்க வைத்தேனே, அப்புறம் நீ போனில் சொல்லச் சொல்லத்தானே தெரியாத புரோகிராம் எதுவும் நம்மைக் கேட்காமல் ஓடாதபடி பாதுகாப்பு சாஃப்ட்வேரை மாற்றினேன். ஸ்பீக்கரில் உன் குரல் வந்தபோது பேப்பர் படிக்கிற மாதிரி இருந்த அப்பா ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து மவுஸ் அவர் கையில்தான், என்னைத் தொட விடுவதில்லை.

உங்கள் கோவிலில் இருந்து அனுப்பிய புது வீடியோ புரோகிராமைத் திறந்ததும், இது தெரியாத புரோகிராம், அனுமதிக்கவா தடுக்கவா என்று கேட்டது. நான் கண்ணாடி போடுவதற்குள் தடுத்துவிட்டார். என்னத்தை அமுக்குனீக என்று பதறினால், 'தெரியாதது எதையும் உள்ள விடக்கூடாதுன்னு உன் மகதான்டி சொன்னா' என்கிறார், பெருமையாக! அதற்குப் பிறகு எத்தனை தரம் தட்டினாலும் அது திறக்கவில்லை. உனக்குப் போன் போட்டேன், பீடத்தில் நிற்பவள் எப்படி எடுப்பாய். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. 'நான் வரலைன்னுல நினைப்பா' என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது அனிதா. நீ சொன்னதைக் கேட்டதுதான் அவர் செய்த தப்பு.

உன் தம்பி ஆனந்திடம் போனில் வழி கேட்டு, அந்தப் புரோகிராமுக்கு அப்பா தன் கையாலேயே அனுமதி கொடுத்துவிட்டார். பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லா போடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேருக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்க மாட்டார். இது கைக்கு வந்ததும், ஞாயிறு பூசை முடிந்து மாப்பிள்ளையையே வீடியோவில் கூப்பிடச் சொல், மறந்துவிடாதே. நான் எடுக்க மாட்டேன், அப்பாதான் எடுப்பார். பேரன் முகம் வந்ததும் நெற்றியில் சிலுவை போட வேண்டுமாம், திரையைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா பவுலின்