கப்பல் நின்றது, மாமா

என் அந்தோணி மாமாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்காக நேற்று உன் கல்லறைக்கு வெள்ளையடித்தோம். ஸ்டெல்லா அக்கா சாமந்திதான் வாங்கி வந்தாள். ரோஜா வாசனை உனக்குத் தலைவலி என்பதை அவள் மறக்கவில்லை. மெழுகுவத்தி ஏற்றும்போது மட்டும் தீப்பெட்டியை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போதெல்லாம் கேஸ் அடுப்பு பற்றும் சத்தம்கூட அவளுக்கு ஆகாது.

பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒருவர் விசாரித்தார். "எலக்ட்ரீசியனா? இன்னாத்த தொட்டாரு?"

எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். நீ எதையும் தொடவில்லை என்றால் நம்புவதில்லை. கரண்ட் என்றால் தொட்டால்தான் சாவு என்று ஊருக்கே நினைப்பு. நமக்கும் அதுதானே இருந்தது? ரப்பர் பாய் விரிக்காமல் பேனல் முன்னால் நிற்க மாட்டாய். ஈரக் கையோடு யாராவது உள்ளே வந்தால் கெட்ட வார்த்தையில் திட்டுவாய். ஷாக்குக்கு அவ்வளவு பயந்தோம். தொடாமலே கொல்லும் ஒன்று அதே பேனலுக்குள் இருப்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

இல்லை, அதுவும் பொய். சொல்லாமல் மாட்டி வைத்திருந்தார்கள்.

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் நம் ஜெட்டியில், கரண்ட் பேனல்கள் வரிசையாக நிற்கும் சுவிட்ச்கியர் ரூமில், கண்ணாடி பீரோவுக்குள் அந்தத் தீக்காப்பு சூட் தொங்குமே. தடித்த கோட்டு, பேன்ட், தலையை முழுக்க மறைக்கும் மூடி, முகத்துக்கு நேரே பச்சைக் கண்ணாடி. சாவி சூப்பர்வைசர் பாஸ்கர் சாரிடம் இருக்கும். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மற்றபடி ஆயுத பூஜைக்குத்தான் பீரோ திறக்கும். வேதக்காரனான நீதான் எல்லா பேனலுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாய். கடைசியில் அந்த சூட்டின் நெஞ்சிலும் ஒரு பொட்டு.

"ஏன் மாமா, பொட்டு வெக்கிறதுக்குப் பதிலா இத்த போட்டுகினா இன்னா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நான் இன்னா நிலாவுக்கா போறேன்? பேனலாண்ட போறேன். இத்த மாட்டிகினு நின்னா பேனலே சிரிக்கும்டா மச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பொட்டு வைத்ததைத் தொடக்கூடாது என்பதுபோல மறுபடியும் பூட்டிவிட்டோம்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, மாமா. செத்தவர்மேல் கோபப்படக்கூடாது என்று அக்கா சொல்கிறாள். ஆனால் கரண்டை நிறுத்தச் சொல்லி ஷட்டவுன் கேட்பவனை நம் ஆட்கள் பயந்தாங்கொள்ளி என்றார்கள். லோடு போகாமல், அதாவது ஓடும் கரண்ட் அறுபடாமல், கப்பல் நிற்காமல் வேலை முடிப்பவனைத் தலையில் தூக்கி வைத்தார்கள். உனக்கு "கரண்ட்டு அந்தோணி" என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் உனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பேரால் யாருக்கு லாபம் என்று நீ ஒருநாளாவது யோசித்தாயா?

அன்று மத்தியானம் பழுதாகி நின்ற ஒரு கன்வேயருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சை, பிரேக்கரை, வெளியே இழுக்க வேண்டியிருந்தது. உப்புக்காற்றும் கரித்தூளும் ஏறி பிரேக்கர் உட்கார்ந்திருக்கும் அந்தச் சக்கர வண்டி எப்போதும் பாதியில் சிக்கும். பேனல் கதவை மூடி, அதிலுள்ள துவாரத்தில் கைப்பிடியை விட்டுச் சுற்றி இழுப்பதுதான் முறை. மூடினால் எங்கே சிக்குகிறது என்று தெரியாது. அதனால் கதவைத் திறந்து வைத்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே அசைப்போம். அதற்குப் பின்னால் செம்புப் பட்டைகளில் கரண்ட் உயிரோடு நிற்கும். கப்பலில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்ததால் ஷட்டவுன் கிடையாது என்றார்கள். நீயும் கேட்கவில்லை.

நான் வெளியே யார்டு விளக்குக் கம்பத்தில் இருந்தேன். இடி போல ஒரு சத்தம். ரூம் ஜன்னல் வெல்டிங் வெளிச்சம் போல நீலமாக எரிந்தது. பட்டைகளுக்கு நடுவில் இருந்தது வெறும் காற்று. கோணலாக நகர்ந்த வண்டியால் அந்தக் காற்றே கம்பியாகிவிட்டது, செம்பு ஆவியாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நான் இறங்கி ஓடி வருவதற்குள் நீயே நடந்து வெளியே வந்தாய். கான்ட்ராக்டர் கொடுத்த பாலியஸ்டர் யூனிஃபார்ம் உருகி உடம்போடு ஒட்டியிருந்தது. பழைய காட்டன் சட்டையாக இருந்திருந்தால்கூட...

நீ கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "லோடு போச்சாடா?"

தீக்காய வார்டில் வேறு எதுவும் பேசவில்லை. "நான் தொடல சேவி. சொல்லு அவங்களாண்ட. நான் தொடவே இல்ல." சொன்னேன் மாமா. கேட்டவரிடமெல்லாம் சொன்னேன். விசாரணையில் கவனக்குறைவு என்று முடித்தார்கள். ரூம் வாசலில் புது போர்டு வந்தது: பாதுகாப்பு உங்கள் கையில். உன் கையில் இருந்தது ஒரு கைப்பிடி. ஷட்டவுன் வேறு யாருடைய கையிலோ இருந்தது.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன வாரம் அதே வரிசையில் இன்னொரு பிரேக்கர் சிக்கியது. என்னைக் கூப்பிட்டார்கள். காலையில் கிளம்பும்போதே அக்கா வாசலை மறித்து நின்றிருந்தாள். "செத்த பேனல்னா கை வை. உசுரோட கீதுன்னா வூட்டுக்கு வந்துடு. வேல போனா போவுது. இன்னொரு பொட்டிய என்னால தூக்க முடியாது."

பாஸ்கர் சார் டார்ச்சை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"மொத்தத்தையும் ஆஃப் பண்ணுங்க சார். சூட்டையும் எடுத்துக் குடுங்க."

"கப்பல் நிக்குது சேவியர், வெளாடாத. மேல என்னத்தான் கேப்பாங்க."

"எங்க மாமாவையும் கேட்டாங்க சார். அவரு பதில் சொல்ற நெலமைல இல்ல."

அவர் டார்ச்சைக் கீழே இறக்கினார். "கேட் பாஸ கட் பண்ணிடுவாங்கடா, அப்புறம் உள்ளயே வர முடியாது," என்றார். மிரட்டலாக இல்லை, கெஞ்சலாக இருந்தது. நான் ரப்பர் பாயை விட்டு நகரவில்லை. கடைசியில் போனை எடுத்தார். அடுத்து சாவியை எடுத்தார்.

கரண்டை நிறுத்திய பிறகும், உண்மையிலேயே செத்துவிட்டதா என்று சோதித்துப் பார்க்கும்வரை அது உயிருள்ள பேனல்தான். அதனால் சூட்டை மாட்டினேன். பசங்க விடுவார்களா? "டேய், பூச்சாண்டி வந்துகினு கீறான்!" "மாப்ள, நிலாவுல எறங்குனதும் போன் பண்ணு!" உன் ஜோக்கேதான். மூடிக்குள் புழுங்கியது. முகக் கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பேப்பரைக்கூட இதுவரை யாரும் உரித்ததில்லை. நான் உரித்தேன். நெஞ்சில் நீ வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

சோதித்தேன். மிச்சக் கரண்ட் மண்ணுக்குப் போக எர்த் போட்டேன். கதவைத் திறந்தேன். செத்த பேனல் முன்னால் நிற்பது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாமலே போய்விட்டது.

வேலை முடிந்து வெளியே வந்து பார்த்தேன். கிரேன் கை அந்தரத்தில் நின்றிருந்தது. கன்வேயர் சத்தம் இல்லாததால் அலைச் சத்தம் கேட்டது. கப்பல்காரர்கள் கம்பியில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம் பசங்க டீ குடித்தார்கள். கப்பல் நின்றது, மாமா. சும்மா நின்றது. ஒன்றுமே ஆகவில்லை. இவ்வளவுதானா? இதற்காகவா உன்னைக் கொடுத்தோம்?

மறுநாளே என்னைப் பழையபடி கம்பத்து விளக்கு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கேட் பாஸ் இன்னும் இருக்கிறது, எத்தனை நாளைக்கோ தெரியாது. கதவுக்கு வெளியே தூர நின்று மோட்டாரால் பிரேக்கரை இழுக்கும் கருவி இருக்கிறதாம், வாங்கச் சொல்லி எல்லோருமாகச் சேர்ந்து கேட்டிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை. ஆனால் பீரோவின் பூட்டு போனது. சிரித்த பசங்களே அதைக் கழற்றி எறிந்தார்கள்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். எந்தக் கம்பத்தின்மேல் இருந்தாலும், உயிருள்ள பேனல் முன்னால் ஒருவன் டார்ச்சோடு நிற்கிறான் என்று தெரிந்தால் இறங்கி ஓடுவேன். இந்த முறை சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே. அவன் கேட்க வெட்கப்பட்டால் அவனுக்காக நான் கேட்பேன்: "கப்பல நிறுத்து."

உன் ஸ்டெல்லாவின் தம்பி,
உனக்கு என்றும் மச்சான்,
சேவியர்