அடுத்த அளவு ஊசி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் பக்கத்து அறையில் படுத்திருக்கும் பாப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். பெற்றவள் என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்துகிறதாம். ஆனால் இந்த எடையோடு எனக்கு ஆபரேஷன் செய்ய முடியாது, பதினைந்து கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்கிறார் டாக்டர். வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோன் மாதிரியே அது வேலை செய்து, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளையை நம்ப வைக்குமாம். உடலியல் பாடம் நடத்துகிறவள் நீ, சொல்லு. நிஜமா?

டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை அக்கா.

உன் தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

நிஜம்தான். எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை நான். இதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் சின்ன அளவில் தொடங்கி, உடம்பு பழகிய பிறகுதான் கூட்டுவார்கள். குமட்டும். வாந்தி நிற்காமல், குடித்த தண்ணீரும் தங்காமல் போனால் அன்றே டாக்டரிடம் போ. நீ அவசரக்குடுக்கை என்பதால் சொல்கிறேன்.

என் ரத்த வகை பொருந்தியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அதை நினைக்காத நாளில்லை.

அக்கா

மே 20

அக்கா,

திட்டாதே. ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுதான் வந்தேன்.

எடை மூன்று கிலோதான் இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை கேட்ட துணியை வியாழக்கிழமையே தைத்துக் கொடுத்துப் பழகிய கை இது. முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த ஊசிகளில், நடு அளவை விட்டுவிட்டுப் பெரியதைப் போட்டுக்கொண்டேன். ஒரே வாந்தி. பாப்பாவுக்குக் கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன். கடைசியில் துணி வெட்டும் மேசை மேலேயே மயங்கி விழுந்துவிட்டேன்.

உடம்பில் நீர் வற்றி என் சிறுநீரகமும் கெட்டிருக்கிறதாம். தேறலாம், தேறாமலும் போகலாம், இப்போதைக்கு நீங்கள் கொடுக்க முடியாதம்மா என்றுவிட்டார் டாக்டர். அவளுக்கென்று வைத்திருந்ததையே பாழாக்கிவிட்டேன்.

ஊசி மிச்சம் இருக்கிறது. நீ டாக்டரிடம் பேசு. படித்தவள் சொன்னால் கேட்பார். மறுபடி போட்டுக்கொள்கிறேன்.

தங்கை

மே 27

சின்னவளே,

டாக்டரிடம் பேசினேன். உன் ரத்தப் பரிசோதனை சீராகும்வரை ஊசி கூடாது. பிறகும் சின்ன அளவிலிருந்துதான்.

ஆனால் நான் எழுதுவது அதற்காக இல்லை. பாப்பா என்னைப் போனில் கூப்பிட்டாள். “பெரியம்மா, அம்மா பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அவங்களைக் காவு வாங்கிக்கிட்டு நான் என்னத்தை வாழுறது? அவங்க கொடுத்தா ஆபரேஷனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க” என்றாள். அவசரப்படாதே, வேறு யாராவது கிடைக்கும்வரை பொறு என்றேன். “யாரு பெரியம்மா?” என்று கேட்டாள்.

அவள் மனதை மாற்றச் சொல்லி என்னைக் கேட்பாய். மாட்டேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது. அது அவள் உடம்பு. இதற்காக நீ என்னோடு பேசாமல் போகலாம். போ.

சனிக்கிழமை வருகிறேன். வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். டயாலிசிஸுக்கு அவளை நான் கூட்டிப்போகிறேன், நீ படுத்திரு. பேச வேண்டாம். கதவை மட்டும் திற.

அக்கா