கரண்டிமூக்கைப் பார்க்கப் போன கதை

ஏழாயிரம்பண்ணை
22.1.2006

அன்பு மகள் மாரிசெல்விக்கு, அப்பா அய்யாதுரை எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம். கோயம்புத்தூர்க் குளிரில் காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய்?

முதலில் என் மானம் போன கதை. எப்படியும் அம்மா போனில் சொல்லிச் சிரிப்பாள், நானே முந்திக்கொள்கிறேன். தூத்துக்குடி உப்பளத்து வாசலில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் நின்றார். நானும் உன் அம்மாவும் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி கேட்டில் தினமும் சோதனைக்கு நின்று பழகிய புத்தி, கேட்குமா? அவரைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டேன். பையில் இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்தேன். தீப்பெட்டி இருக்கிறதா என்று அவர் தடவிப் பார்க்க வசதியாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். மனிதர் பயந்து பின்னால் போய், “அண்ணாச்சி, நான் என்ன துப்பாக்கியா வச்சிருக்கேன்? கையை இறக்குங்க” என்றார். பறவை காட்டக் கூட வந்த உன் தோழி நசிமா தரையைப் பார்த்துச் சிரித்தது. அம்மா என் மூஞ்சியைப் பார்த்தே சிரித்தாள்.

பொங்கல் லீவுக்குள் போய்வர வேண்டும் என்று நின்றதே அவள்தான். அந்தக் கரண்டிமூக்குப் பறவை கூடு கட்டுகிற ரஷ்யா நாட்டுக்கே ஆராய்ச்சி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நீ எழுதியதிலிருந்து நம் வீட்டுக் குழம்பில் ஒரு நாள் உப்பு இல்லை, மறுநாள் இரண்டு தடவை. “இங்கன நம்ம கம்பெனி ஆபீஸ்ல கணக்கு எழுத ஆள் கேக்காக. அதை விட்டுட்டு எம்மகளை இழுத்துட்டுப் போற சீமைக் குருவி எதுன்னு நானும் பாக்கேன்” என்று புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பினாள். கோவில்பட்டியில் பஸ் மாறுவதற்குள் அதில் பாதி தீர்ந்தது. யார் தீர்த்தது என்று உனக்குத் தெரியும்.

உப்பளத்தில் தண்ணீர் ஓரமாக ஏகப்பட்ட உள்ளான் பறவைகள், எல்லாம் ஒரே அச்சு. நான் பைனாகுலரை வைத்துக்கொண்டு, “அந்தா கரண்டிமூக்கு!” என்று ஒவ்வொன்றாகக் காட்ட, நசிமாவும் பொறுமையாக, “இல்லப்பா, அது வேற” என்றது. அசையாமல் நின்ற ஒன்றை ரொம்ப நேரம் பார்த்து, இதுதான் என்று சத்தியமே செய்தேன். அது கிழிந்த சாக்கு.

கடைசியில் அம்மாதான் கண்டுபிடித்தாள். “ஏங்க, அங்கன ஒண்ணு கரண்டிய அலசிக்கிட்டு இருக்கு பாருங்க.” அதேதான்! நசிமா துள்ளிக் குதிக்கப்போய் வாயைப் பொத்திக்கொண்டது. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். அலகு நுனியில் குட்டிக் கரண்டி. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டிச் சேற்றைத் துழாவியது.

“இம்புட்டுக்காணா? இதுக்கா எம்புள்ள அம்புட்டுத் தூரம் போகணும்?” என்றாள் அம்மா. ஆனால் பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை. அது போன வருஷம் பொரித்த குஞ்சு என்று நசிமா சொன்னதும், “ஆத்தாளும் அப்பனும் எங்கன?” என்று கேட்டாள். பெரிய பறவைகள் முன்னாலேயே கிளம்பிவிடும், குஞ்சுகள் பிற்பாடு தாங்களாகவே வந்து சேரும் என்று நசிமா சொன்னது. “அடப்பாவிகளா, விட்டுட்டா வந்துருவாக?” என்று அம்மாவுக்குக் கோபம். திரும்பி நடக்கும்போது, “வழி சொல்ல ஆளில்லாமலே அந்தக் குஞ்சு வந்து சேந்துருச்சு. எம்மகளுக்கு மேப்பு பாக்கத் தெரியும்ல?” என்றாள்.

அவ்வளவுதான், உனக்கு உத்தரவு கிடைத்துவிட்டது. வாரம் ஒரு போன், நல்ல ஸ்வெட்டர், இரண்டும் அவள் நிபந்தனை. எள்ளுருண்டை என் நிபந்தனை, பார்சலில் வரும்.

பஸ்ஸில் அம்மா, “நீங்க மட்டும் எப்படி மொத நாளே போகட்டும்னு சொன்னீக?” என்று கேட்டாள். புள்ளைக்குப் பிடித்திருக்கிறதே என்று சொல்லி வைத்தேன். பொய்யில்லை. ஆனால் போன் பேசும்போதும் அவள் பக்கத்திலேயே நிற்பாள், அதனால் மீதியை உனக்கு மட்டும் எழுதுகிறேன். எந்தத் திசையில் வெடிச்சத்தம் கேட்டாலும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு உன் அம்மா இருக்கிற ஷெட்டைத்தான் முதலில் பார்ப்பேன். அவள் வாசலுக்கு வந்து தலையைக் காட்டின பிறகுதான் எனக்கு மூச்சு வரும். உன்னைக் கணக்கு எழுதக் கூப்பிடுகிற அந்த ஆபீஸ் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது தாயி. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பார்க்க என்னால் முடியாது.

நல்லபடியாகப் போய் வா.

உன் அப்பா,
அய்யாதுரை